புதிய பாட்டுப் புத்தகம் சபைக்கு வரும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேல்நாட்டு ராகங்களில் பாடும் பாமாலையானாலும், நம் நாட்டு ராக தாளத்தில் பாடும் கீர்த்தனையானாலும், ஆராதனையில் எண்ணைச் சொல்லியே பாடிப் பழகியவர்கள் நாம். துக்க வீட்டில் ஒரு பெரியவர் எண்ணைச் சொன்னதும் பலர் புத்தகம் திறக்காமலே பாடத் தொடங்கிவிடுவார்கள். புதிய பதிப்பில் எண்கள் மாறினால் முதல் குழப்பம் அங்கேதான் வரும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் எதிரெதிரே அச்சிட்ட ஒரு தாளை, புத்தகம் விற்பனைக்கு வருமுன்பே வீடு வீடாகக் கொடுத்துவிடுங்கள். அட்டையின் உள்பக்கத்தில் ஒட்டும் அளவில் இருந்தால் தொலையாது. ஓராண்டுக்காவது ஆயர் இரண்டு எண்களையும் சொல்லியே பாட்டை அறிவிக்கட்டும்.

அன்றைய பாட்டு எண்களைத் தகடுகளால் காட்டும் எண் பலகையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூன்று இலக்க எண்ணுள்ள நான்கு பாட்டுகளுக்குப் பன்னிரண்டு தகடுகள் வேண்டும். ஒரே நாளில் 313, 133 இரண்டும் வந்தால் ‘3’ மட்டும் நான்கு. ஒவ்வோர் இலக்கத்திலும் ஆறு தகடுகளாவது முன்கூட்டியே செய்து வைத்தால், ஞாயிறு காலையில் ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை தேடி அலைய வேண்டியதில்லை.

அடுத்த தவறு அவசரம். முதல் ஞாயிறே நான்கு புதுப் பாட்டுகளையும் போட்டால் பாடகர் குழு மட்டுமே பாடும், சபை கேட்டுக்கொண்டிருக்கும். ஆராதனைக்கு ஒரு புதுப் பாட்டு போதும், அதே பாட்டு நான்கு வாரம் தொடரட்டும். முதல் வாரம் காணிக்கை நேரத்தில் குழு மட்டும் பாடலாம். இரண்டாம் வாரம் முதல் கவியை, அதாவது பாட்டின் முதல் பத்தியை, குழு பாட, இரண்டாம் கவியிலிருந்து சபை சேர்ந்துகொள்ளலாம். கிறிஸ்துமஸ், உயிர்ப்பு ஞாயிறு, அறுப்பின் பண்டிகை ஆகிய நாட்களில் புது ராகம் வேண்டாம். திரித்துவத் திருநாளுக்குப் பின் நீண்ட வரிசையாக வரும் ஞாயிறுகளே இதற்கு ஏற்ற காலம்.

பாமாலையில் புது வார்த்தைகளைத் தெரிந்த ராகத்தில் பாடிப் பழக்குவது நல்ல வழி. அடிகளில் அசைகள் 8, 6, 8, 6 என்று வரும் அளவிலுள்ள பாட்டை அதே அளவுள்ள பழைய ராகத்தில் பாடலாம். ஆனால் எண் ஒத்தால் மட்டும் போதாது. 7, 6, 7, 6 அளவில் முதல் அசை அழுந்தும் ராகமும் உண்டு, இரண்டாம் அசை அழுந்தும் ராகமும் உண்டு. மாற்றிப் போட்டால் குறில் எழுத்து நீண்ட ஸ்வரத்தில் விழுந்து சொல் சிதைந்துவிடும். முதல் கவி பொருந்தியதும் நின்றுவிடாமல், எல்லாக் கவிகளையும் வாய்விட்டுப் பாடிப் பாருங்கள்.

கீர்த்தனையில் சிக்கலே வேறு. ராகமும் தாளமும் தலைப்பில் அச்சாகியிருக்கும், ஆனாலும் உங்கள் சபை தலைமுறைகளாகப் பாடிவரும் மெட்டு அதிலிருந்து விலகியிருக்கலாம். அந்த மெட்டைத் திருத்தப் போகாதீர்கள். சரணம் முடிந்ததும் குழு பல்லவிக்குத் திரும்ப, சபை அடுத்த சரணத்துக்குப் போய்விடுவதுதான் அடிக்கடி நடப்பது. பல்லவிக்கு எப்போது திரும்புவது, எத்தனை முறை பாடுவது என்பதைச் சனிக்கிழமைப் பயிற்சியிலேயே முடிவுசெய்து கீபோர்டு வாசிப்பவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

சுருதி உயர்ந்தால் ஆண்கள் பாதியிலேயே மௌனமாகிவிடுவார்கள். குழுவுக்கு அச்சிட்ட சுருதி காலை ஆராதனைக்கு அதிகமாக இருந்தால் கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானில் ஒன்றிரண்டு படி இறக்குங்கள்.

திருத்தப்பட்ட வரிகளைப் பற்றி முன்பே சொல்லுங்கள். மனப்பாடமாகப் பாடும் முதியோர் பழைய சொல்லையும் மற்றவர்கள் புதிய சொல்லையும் பாடும்போது, அந்த முதியோருக்குத் தாங்களே தவறு செய்துவிட்டதாகத் தோன்றும். அந்த வருத்தத்தைத் தரவே கூடாது. அவர்களுக்கென்று பெரிய எழுத்தில் (18 பாயின்ட் அளவில்) அச்சிட்ட சில பிரதிகளை முன்வரிசைகளில் வையுங்கள்.