‘அதெல்ஃபொத்தேஸ்’: ஒரு கிரேக்கச் சொல்லை அதன் வசனத்தில் வைத்துப் படிக்கும் முறை

புதிய ஏற்பாட்டில் ‘அதெல்ஃபொத்தேஸ்’ என்னும் கிரேக்கச் சொல் இரண்டே இடங்களில் வருகிறது. இரண்டும் பேதுருவின் முதலாம் நிருபத்தில் (கடிதத்தில்), 2:17இலும் 5:9இலும் உள்ளன. தமிழ்ச் சபைகளில் நெடுங்காலமாக வாசிக்கப்படும் மொழிபெயர்ப்பில் முதல் இடம் ‘சகோதரரிடத்தில் அன்புகூருங்கள்’ என்று அமைந்திருப்பதால், மூலத்தில் இருப்பது ‘சகோதரர்’ என்ற பன்மை அன்று, ‘சகோதரத்துவம்’ என்ற ஒருமை என்பது வாசிப்பவர் கண்ணில் படுவதில்லை. வேதபாடம் நடத்துவோர் இச்சொல்லை எப்படி அணுகலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேரைப் பாருங்கள். ‘அதெல்ஃபொஸ்’ என்றால் சகோதரன்; முன்னிற்கும் ‘அ’ ஒன்றாயிருத்தலையும், ‘தெல்ஃபுஸ்’ கருப்பையையும் குறிக்கின்றன. நம் ‘சகோதரன்’ என்ற சொல்லிலும் ‘உதரம்’, அதாவது வயிறு, இருக்கிறது. இரண்டு மொழிகளிலும் ஒரே வயிற்றில் பிறந்தவன் என்பதே அடிப்பொருள். இந்த ஒற்றுமை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆனாலும் வேரையே பொருளாக்கிப் போதிக்க வேண்டாம். சகோதரன் என்று சொல்லும்போது நாம் யாரும் வயிற்றை நினைப்பதில்லை.

அடுத்து விகுதியைக் கவனியுங்கள். ‘-தேஸ்’ என்பது நம் ‘-மை’, ‘-த்துவம்’ போலப் பண்பைக் குறிப்பது. கிரேக்க மொழியிலுள்ள 1 மக்கபேயர் என்னும் யூத வரலாற்று நூலின் 12ஆம் அதிகாரத்தில், யூதரின் தலைமைக் குரு யோனத்தான் கிரேக்க நகரமான ஸ்பார்த்தாவின் மக்களுக்கு எழுதும் கடிதத்தில் இதே சொல் வருகிறது. அங்கே அது இரண்டு மக்களினங்களுக்கு இடையிலான உறவைக் குறிக்கிறது. பேதுருவின் நிருபத்திலோ அது அந்த உறவால் கட்டப்பட்ட மக்களையே குறிக்கிறது. இந்த நகர்வு தமிழருக்குப் புதிதன்று: ‘உடன்பிறப்பு’ என்பது உடன் பிறத்தலாகிய செயலின் பெயர், ஆனால் நாம் அதை ஆளுக்கே சொல்கிறோம்.

இனி 2:17ஐ முழுவதுமாக வாசியுங்கள்: ‘எல்லாரையும் கனம்பண்ணுங்கள், சகோதரரிடத்தில் அன்புகூருங்கள், தேவனுக்குப் பயந்திருங்கள், ராஜாவைக் கனம்பண்ணுங்கள்.’ நான்கு கட்டளைகளுக்கு மூன்றே வினைகள். எல்லாருக்கும் உரிய அதே வினை ராஜாவுக்கும் தரப்படுகிறது, கிரேக்கத்திலும் அப்படியே. அதாவது பேரரசனுக்குக் கிடைப்பது தெருவில் போகிற எவருக்கும் கிடைக்கும் கனம்தான். பயம் தேவனுக்கு மட்டும் உரியது, அன்பு இந்தக் கூட்டத்துக்கு உரியது. அன்புகூரச் சொல்வது ஓர் உணர்வின்மீதோ கொள்கையின்மீதோ அன்று, பெயரும் முகமும் உள்ள மக்கள்மீது என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்லுங்கள். சொல் கூட்டத்தைக் குறிப்பதால் பெண்களும் அதில் அடக்கம்.

இதனோடு பலரும் குழப்பிக்கொள்ளும் சொல் ‘பிலதெல்பியா’. ரோமர் 12:10இலும் எபிரெயர் 13:1இலும் வருவது அதுவே. பிலதெல்பியா என்பது சகோதர அன்பு; அதெல்ஃபொத்தேஸ் அந்த அன்பைப் பெறும் கூட்டம். கிறிஸ்தவர்களுக்கு முன் பிலதெல்பியா பெரும்பாலும் இரத்த உறவுக்கே சொல்லப்பட்டது. வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் பிலதெல்பியா பட்டணத்தின் பெயரும், தன் அண்ணன் யூமெனேஸிடம் கொண்ட பற்றால் சிறப்புப்பெயர் பெற்ற பெர்கமு அரசன் இரண்டாம் அத்தாலுவோடு தொடர்புடையது. உறவினரல்லாதவரை அந்த வட்டத்துக்குள் அழைத்தது எத்தனை பெரிய மாற்றம் என்பதை இதை வைத்து விளக்கலாம்.

கடைசியாக 5:9க்கு வாருங்கள். நிருபத்தைப் பெற்றவர்கள் பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா என்னும் இன்றைய துருக்கி நாட்டுப் பகுதிகளில் சிதறியிருந்தவர்கள். ‘அந்நியர்களும் பரதேசிகளும்’ என்று நிருபமே அவர்களை அழைக்கிறது. தங்கள் ஊரில் தாங்கள் மட்டுமே துன்பப்படுவதாக எண்ணியிருக்கக்கூடியவர்களிடம், அதே பாடுகள் உலகத்திலுள்ள உங்கள் ‘அதெல்ஃபொத்தேஸ்’ அனுபவித்து வருபவைதான் என்று ஒருமையில் எழுதப்படுகிறது. முதலாம் நூற்றாண்டின் இறுதியில் ரோமைச் சபை கொரிந்துக்கு எழுதிய கடிதத்திலும், கொரிந்தியர் முன்பு இரவும் பகலும் ‘அதெல்ஃபொத்தேஸ்’ முழுவதற்காகவும் போராடினார்கள் என்று இதே சொல் வருகிறது.

வகுப்பில் 5:9ஐ வாசிக்கும்போது, ‘சகோதரரிடத்திலே’ என்ற இடத்தில் ‘உடன்பிறப்புக் கூட்டத்தினிடத்திலே’ என்று ஒருமுறை மாற்றி, உரக்க வாசித்துக் காட்டுங்கள். பிறகு அச்சிட்டபடியே மறுமுறை வாசியுங்கள்.