வீடு காலியானதும் முதலில் எலக்ட்ரீஷியன், அப்புறம் பெயின்டர்: வாடகை வீட்டில் மின் சோதனை செய்வது எப்படி?

குடியிருந்தவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனதும் வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் முதலில் கூப்பிடுவது பெயின்டரைத்தான். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஒருமுறை வருகிறேன் என்று சொன்ன பெயின்டர் வரவில்லை. காத்திருந்த நேரத்தில் குளியலறைக்கு வெளியே இருந்த கீசர் பாயின்ட்டை எதேச்சையாகப் பார்த்தேன். ஒரு துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம். பிளேட்டுக்கு மேலே சுவரில் விரல் அகலத்துக்குப் புகைக் கறை. கிட்டே போனால் லேசாக மீன் வாடை. சுவிட்ச், பிளக் பாயின்ட் பிளாஸ்டிக் அளவுக்கு மீறிச் சூடானால் சில சமயம் அப்படித்தான் நாறும்.

எலக்ட்ரீஷியன் வந்து மெயினை அணைத்துவிட்டுப் பிளேட்டைக் கழற்றினார். வயரின் செம்பு இழைகளில் பாதிதான் ஸ்க்ரூவுக்குள் போயிருந்தது. மீதி வெளியே விரிந்து கறுத்துக் கிடந்தது. பெயின்டர் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தால் அந்தக் கறை இரண்டு கோட்டில் மறைந்திருக்கும். அடுத்து வருபவர் முதல் நாளே அதில் கீசரைப் போட்டிருப்பார்.

ஒரு குடித்தனம் போய் இன்னொன்று வருவதற்கு நடுவில் கிடைக்கும் சில நாட்களை எப்படிப் பயன்படுத்துவது என்று வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். பார்ப்பது, முகர்வது, பட்டனை அழுத்துவது, பிளக்கில் செருகிப் பார்ப்பது ஆகியவை உங்கள் வேலை. ஸ்க்ரூவைக் கழற்றுகிற எல்லாமே உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை.

படி 1: கையில் எதுவும் எடுக்காமல் ஒரு சுற்று

பகல் வெளிச்சத்தில், ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அறை அறையாக நடங்கள். சாமான் எதுவும் இல்லாததால் கட்டிலுக்குப் பின்னாலும் பீரோவுக்குப் பின்னாலும் இத்தனை நாள் ஒளிந்திருந்த பாயின்ட்டுகள் இப்போது கண்ணில் படும்.

கறை, உருகல், விரிசல், ஆடுகிற பிளேட், போட்டால் கரகரவென்று சத்தம் வரும் சுவிட்ச் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவரில் ஈரம் ஊறிய இடத்துக்குப் பக்கத்தில் சுவிட்ச் போர்டு இருந்தால் அதைக் குறிப்பின் முதல் வரியில் எழுதுங்கள்.

அடுத்தது, போனவர் தன் வசதிக்குச் சேர்த்தவை. பால்கனியில் வாஷிங் மெஷினுக்காக ஜன்னல் வழியே இழுத்த ஒயர், ஃபேன் கொக்கியிலிருந்து அலங்கார விளக்குக்குப் போன கிளை, ஏசிக்காக லைட் லைனிலிருந்தே எடுத்த பாயின்ட் என்று ஏதாவது இருக்கும். கேட்காமல் செய்த வேலை என்று கோபப்பட்டுப் பயனில்லை. அந்த இடத்தில் ஒரு பாயின்ட் தேவைப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒயரை அகற்றிவிட்டு அங்கேயே முறையான பாயின்ட் போட்டுக்கொடுப்பது நல்லது. இல்லையென்றால் அடுத்தவரும் அதே ஜன்னல் வழியாக ஒயரை இழுப்பார்.

எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். தேதியோடு இருக்கட்டும்.

படி 2: டிபி பாக்ஸ்

வீட்டின் ஒவ்வொரு லைனுக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி இது. மூடியைத் திறந்து வெளியே தெரிவதை மட்டும் பாருங்கள். உள் கவரைக் கழற்ற வேண்டாம். மெயினை அணைத்த பிறகும் அதற்கு மேல்பக்கம் வரும் ஒயரில் கரண்ட் இருக்கும். புதிதாகக் கைவைப்பவர்கள் ஏமாறுவது அங்கேதான்.

அதில் எம்.சி.பி.க்கள், அதாவது அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் தானாக விழுந்து (டிரிப் ஆகி) லைனைத் துண்டிக்கும் சுவிட்சுகள், வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் 6, 10, 16, 20 என்று எண் இருக்கும். அது ஆம்பியர் கணக்கு. உலகின் பல பகுதிகளில் வழக்கம் இதுதான்: விளக்கு, ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ. ஒயர், அதற்கு 6 அல்லது 10 ஆம்பியர். பவர் பாயின்ட்டுக்கு 2.5 சதுர மி.மீ., அதற்கு 16 ஆம்பியர். நீங்கள் தேடவேண்டியது இந்தப் பொருத்தம் கெட்ட இடத்தை. அடிக்கடி டிரிப் ஆகிறது என்று 16-ஐ எடுத்துவிட்டு 32 போட்டுவிட்டுப் போகும் ஆட்கள் உண்டு. தொல்லை போய்விடும், உண்மைதான். ஆனால் ஒயர் பழைய ஒயர்தானே? இனி எம்.சி.பி. விழுவதற்கு முன்பே சுவருக்குள் இருக்கும் ஒயரின் மேலுறை (இன்சுலேஷன்) வெந்துவிடும்.

அப்புறம், கரண்ட் கசிந்தால் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். சற்று அகலமாக, ‘டெஸ்ட்’ அல்லது ‘டி’ என்று எழுதிய சின்ன பட்டனோடு இருக்கும். எம்.சி.பி.யும் கரண்ட் அதிகமானால் விழுமே, இது எதற்கு என்று பலர் கேட்பார்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16,000 மில்லி ஆம்பியர் வரை அது சும்மா இருக்கும். மனித உடம்பில் 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே பிடித்த கை விடாமல் இறுகிவிடும். 30-ஐத் தாண்டிச் சற்று நேரம் ஓடினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை. ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். அந்த அளவு கசிந்தால் 0.3 விநாடிக்குள் அது விழுந்தாக வேண்டும் என்பது சர்வதேசத் தரம்.

இருந்தால் பட்டனை அழுத்துங்கள். பட்டென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றே மாற்றச் சொல்லுங்கள். விழுந்தால் நல்லது, ஆனால் அதை வைத்து எர்த்தும் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். அந்தப் பட்டன் ஆர்.சி.சி.பி.க்குள்ளேயே ஒரு செயற்கைக் கசிவை உண்டாக்கி அதன் இயக்கத்தை மட்டும்தான் சோதிக்கிறது. எர்த் ஒயரே இல்லாத வீட்டிலும் பட்டன் அழகாக வேலை செய்யும்.

படி 3: மீட்டரைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம்

காலி வீட்டில் மட்டுமே செய்ய முடிகிற சோதனை இது. மெயினும் எம்.சி.பி.க்களும் ஆனில் இருக்கட்டும். எல்லா சுவிட்சையும் அணைத்து, எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். காலிங் பெல்லின் டிரான்ஸ்ஃபார்மர், இன்வெர்ட்டர் போன்றவற்றையும் மறக்க வேண்டாம். இப்போது எலக்ட்ரானிக் மீட்டரில் துடிக்கும் சின்ன சிவப்பு விளக்கைப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு துடிப்பும் இல்லை என்றால் நல்லது.

விட்டுவிட்டுத் துடித்தால் எங்கோ கரண்ட் போகிறது. மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று எழுதியிருந்தால், 60 வாட் பல்பு ஒன்று எரிந்தாலே ஏறக்குறைய 19 விநாடிக்கு ஒரு துடிப்பு வரும். எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வாருங்கள். எதை அணைத்ததும் துடிப்பு நிற்கிறதோ அந்த லைனில்தான் விஷயம் இருக்கிறது. சில சமயம் கசிவாக இருக்கும். சில சமயம் மாடிப்படி விளக்கு உங்கள் மீட்டரில் ஓடிக்கொண்டிருக்கும். போனவர் அத்தனை மாதமும் அதற்குப் பணம் கட்டியிருப்பார், பாவம்.

படி 4: ஒவ்வொரு பிளக் பாயின்ட்டும்

செருகினால் மூன்று விளக்கு எரியும் சாக்கெட் டெஸ்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த விளக்கு எரிந்தால் என்ன கோளாறு என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். பேஸும் (கரண்ட் வரும் ஒயர்) நியூட்ரலும் (அது திரும்பும் ஒயர்) மாறியிருப்பது, எர்த் இல்லாதது இரண்டையும் உடனே சொல்லிவிடும். நியூட்ரலும் எர்த்தும் இடம் மாறியிருந்தால் மட்டும் அதற்குத் தெரியாது. எர்த் ஒயர் பெயருக்குத் தொட்டுக்கொண்டிருந்தாலும் ‘சரி’ என்றே காட்டும். அதனால் இது காட்டும் தவறை நம்பலாம். இது சொல்லும் ‘சரி’யைப் பாதி நம்புங்கள்.

ஸ்க்ரூ டிரைவர் மாதிரி இருக்கும் நியான் டெஸ்டரைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. அது எரிந்தால் கரண்ட் இருக்கிறது, அவ்வளவுதான். எரியாவிட்டால் கரண்ட் இல்லை என்று அர்த்தமில்லை. டெஸ்டரே பழுதாகியிருக்கலாம், பகல் வெளிச்சத்தில் மங்கிய ஒளி தெரியாமலும் போகலாம். நல்ல எலக்ட்ரீஷியன்கள் தங்கள் சோதனை மீட்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு சோதிக்க வேண்டிய இடத்தில் வைத்து, மறுபடி பழைய இடத்தில் ஒருமுறை வைத்துப் பார்ப்பார்கள். உங்களிடம் வருபவர் அப்படிச் செய்தால் அவர் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிளக்கைச் செருகும்போது தொளதொளவென்று போனால் அந்த பாயின்ட்டை மாற்றுங்கள். உள்ளே பித்தளைப் பிடி தளர்ந்திருக்கிறது. தளர்ந்த இடம்தான் சூடாகும், சூடானால் இன்னும் தளரும். என் கீசர் பாயின்ட்டில் ஸ்க்ரூ பக்கம் நடந்ததும் இதேதான்.

படி 5: எலக்ட்ரீஷியனிடம் என்ன கேட்பது

‘எல்லாம் பாருங்க’ என்று சொன்னால் பல்பை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்.

முதலில் இன்சுலேஷன் சோதனை, மெக்கர் என்ற கருவி வைத்து. மெயினை அணைத்துவிட்டு 500 வோல்ட் டிசியைச் செலுத்தி, ஒயர்களுக்கு நடுவில் எவ்வளவு தடை இருக்கிறது என்று அளப்பார்கள். சர்வதேச விதிப்படி ஒவ்வொரு லைனிலும் குறைந்தது 1 மெகா ஓம் வேண்டும். நல்ல ஒயரிங் என்றால் அதைவிடப் பல மடங்கு காட்டும். எல்.ஈ.டி. விளக்குகளையும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்களையும் இதற்கு முன் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவை கெட்டுப்போகலாம். ஆள் குடியிருக்கும் வீட்டில் இதைச் செய்யச் சொன்னால் யாரும் ஒத்துழைக்க மாட்டார்கள்.

அடுத்து எர்த் லூப் அளவு (கோளாறு வந்தால் எர்த் வழியே கரண்ட் போகும் பாதையின் தடை), ஆர்.சி.சி.பி. எத்தனை மில்லி விநாடியில் விழுகிறது என்ற அளவு, டிபி பாக்ஸில் எல்லா ஸ்க்ரூவையும் இறுக்குவது, சுவிட்ச் பேஸ் ஒயரில்தான் இருக்கிறதா என்று பார்ப்பது. கடைசியாகச் சொன்னது பழைய வீடுகளில் மாறியிருக்கும். சுவிட்ச் நியூட்ரலில் இருந்தால் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் கரண்ட் அப்படியே நிற்கும். பல்ப் மாற்றும்போது ஷாக் அடிக்கும். எர்த் ஒயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள். நடுவில் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய் வந்தாலே அந்த எர்த் செத்துவிடும்.

அளந்த எண்களை எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள்.

படி 6: பணம் அளவாக இருந்தால் எதை முதலில் மாற்றுவது

ஆர்.சி.சி.பி. இல்லை என்றால் அதுதான் முதல். வாங்கும்போது ‘ஏ’ வகை கேளுங்கள். பழைய ‘ஏசி’ வகை ஆர்.சி.சி.பி. சாதாரண அலையாக வரும் கசிவை மட்டுமே உணரும். இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின் போன்றவற்றுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் பகுதிகளிலிருந்து வரும் அரை அலைக் கசிவு அதற்குப் பிடிபடாமல் போகலாம்.

பழைய வீட்டில் புதிதாக ஆர்.சி.சி.பி. போட்டால் முதல் நாளே விழுந்துகொண்டே இருக்கலாம். ஆர்.சி.சி.பி.தான் கெட்டது என்று சொல்வார்கள். பெரும்பாலும் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருக்கும், அல்லது ஒரு லைனின் நியூட்ரலை இன்னொரு லைன் கடன் வாங்கியிருக்கும். அதைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆகலாம். பொறுமையில்லாமல் ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராக இணைத்துவிடுவது சிலருடைய வழக்கம். அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, கீசர், ஏசி, அடுப்பு மாதிரி அதிகம் இழுக்கும் ஒவ்வொன்றுக்கும் தனி லைன். 230 வோல்ட்டில் 2000 வாட் கீசர் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். லைட் லைனில் அதை மாட்ட இடமே இல்லை. மூன்றாவது, குளியலறை: ஷவருக்குக் கை எட்டும் இடத்தில் சுவிட்சோ பிளக்கோ இருந்தால் வெளியே மாற்றுங்கள்.

மீதிக்குப் பெரிய விளக்கம் வேண்டாம். குழந்தைகள் உள்ள குடும்பம் வரலாம், துளைகளை உள்ளிருந்து மூடும் ஷட்டர் உள்ள பாயின்ட் போடுங்கள். புகை அலாரம் இருந்தால் அழுத்திப் பாருங்கள், பத்து வருடம் ஆனதை மாற்றிவிடுங்கள். படுக்கை அறையில் இரண்டே பிளக் பாயின்ட் இருந்தால் நான்காக்குங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன் இழுப்பது பாதி குறைந்துவிடும்.

படி 7: பெயின்ட், பிறகு சாவி

இப்போது பெயின்டரைக் கூப்பிடலாம். சுவிட்ச் பிளேட்டுகள் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். பெயின்ட் பிளக் துளைக்குள் இறங்கிக் காய்ந்தால் பிளக் சரியாக உட்காராது.

டிபி பாக்ஸில் ஒவ்வொரு எம்.சி.பி.க்கும் கீழே ‘சமையலறை’, ‘கீசர்’, ‘முன் அறை’ என்று எழுதி ஒட்டுங்கள். புதிதாக வருபவரை அதன் முன்னால் நிறுத்தி மெயின் எது என்று காட்டுங்கள். ஆர்.சி.சி.பி. பட்டனை அவரையே ஒருமுறை அழுத்தச் சொல்லுங்கள். வீடு முழுக்க அணையும்போது கொஞ்சம் திடுக்கிடுவார். அவர் கையாலேயே திரும்ப மேலே தூக்கச் சொல்லிவிட்டு, அதில் அச்சிட்டிருக்கும் இடைவெளியில் இதைச் செய்ய வேண்டும் என்று சொல்லிச் சாவியைக் கொடுங்கள்.