பி.யு.208 இரண்டு போன பிறகு கிடைத்த விரிசல்

1980களின் நடுவில் வந்த 20 அங்குல கலர் டிவி. போட்டால் படம், சத்தம், கலர் எல்லாம் சுத்தம். அரை மணி கழித்து 'டிக்' என்று ஒரு சத்தம், செட் இருட்டு. திரையில் படத்தின் கிடைக்கோடுகளை ஓட்டும் லைன் அவுட்புட் டிரான்சிஸ்டர் பி.யு.208ஏ கலெக்டர்-எமிட்டர் ஷார்ட். புதிது போட்டேன், அதற்கும் அரை மணிதான் ஆயுள்.

அந்த டிரான்சிஸ்டருக்கு வரும் டி.சி. சப்ளை (எச்.டி., அதாவது ஹை டென்ஷன்) 110 வோல்ட், அசையவில்லை. கலெக்டரில் இருக்கும் டியூனிங் கெப்பாசிட்டர் மதிப்பு குறைந்தால் அங்கே வரும் வோல்டேஜ் பல்ஸ் எகிறி டிரான்சிஸ்டரைக் கொல்லும், அதனால் அதை மாற்றினேன். பிறகு எல்.ஓ.டி.யையும் (லைன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்) மாற்றினேன். இரண்டு நாள் வீண்.

மூன்றாவது டிரான்சிஸ்டரைப் போட்டு ஐந்தே நிமிடம் ஓட்டி, பிளக்கைப் பிடுங்கி, மெயின் கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்தபின் ஹீட்சிங்கைத் தொட்டேன். கை வைக்க முடியாத சூடு. (ஓடும்போது தொடவே கூடாது, இதன் உலோக உடலே கலெக்டர்.) படம் சரியாக இருந்தும் இந்தச் சூடு என்றால் பேஸ் டிரைவ் (டிரான்சிஸ்டரை ஆன் செய்ய அதன் பேஸ் காலுக்குக் கொடுக்கும் கரண்ட்) போதவில்லை, டிரான்சிஸ்டர் முழுதாக ஆன் ஆகாமல் வேகிறது.

அந்த டிரைவைக் கொடுக்கும் டிரைவர் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தேன். அதன் செகண்டரி காலைச் சுற்றி, சால்டரில் முடி கனத்தில் ஒரு கறுப்பு வளையம், விரிசல். பூதக்கண்ணாடி இல்லாமல் தெரியாது. மீட்டர் அங்கே 'பீப்' என்று, இணைப்பு இருக்கிறது என்றுதான் சொன்னது, அதனால்தான் முதல் நாளே கோட்டை விட்டேன்.

மேலே ஈயம் தடவினால் போதாது. பழையதை உறிஞ்சி, காலைச் சுரண்டி, 60/40 ஈயத்தில் புதிதாக வைத்தேன். பக்கத்தில் இருந்த டிரைவர் சப்ளையின் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் காய்ந்திருந்தது, அதையும் மாற்றினேன். நான்கு மணி நேரம் ஓடிய பிறகும் ஹீட்சிங்க் வெதுவெதுப்புதான்.