தன்னம்பிக்கை போனபோது மாணவ வீரர்கள் செய்யும் தவறுகள்

இரண்டு மேட்ச் சரியாக அமையவில்லை. மூன்றாவதில் கோச் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். அன்றிலிருந்து, தூக்கத்தில்கூடப் போடக்கூடிய சர்வீஸ் வலையில் போய் விழுகிறது. படிப்போடு விளையாட்டையும் சுமக்கும் பலருக்கு இப்படி ஒரு காலம் வரும். அப்போது நாம் செய்யும் சில தவறுகள்தான் இரண்டு வாரச் சரிவை ஒரு சீசன் முழுக்க இழுத்துவிடுகின்றன.

எல்லாவற்றிலும் பெரியது, 'நம்பிக்கை திரும்பட்டும், அப்புறம் இறங்கலாம்' என்று காத்திருப்பது. 'இதை என்னால் செய்ய முடியும்' என்ற எண்ணத்துக்கு நான்கு ஊற்றுகள் உண்டு என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977-இல் எழுதினார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், அந்த நேரத்து உடல், மன நிலை. இவற்றில் முதலாவதுக்குத்தான் வலு அதிகம். ஊக்கப் பேச்சு வீடியோ தரும் சூடு, மறுநாள் முதல் பந்து தவறியதுமே ஆறிவிடும். செய்து முடித்தது அப்படி ஆறாது.

ஆகவே, நிச்சயம் முடியும் என்ற அளவுக்கு இலக்கை இறக்குங்கள். உயரம் தாண்டுபவர் குறுக்குக்கம்பைப் பத்து சென்டிமீட்டர் இறக்கி, நாலைந்து முறை சுத்தமாகத் தாண்டிவிட்டு, பிறகு ஏற்றலாம். இதை அவமானம் என்று நினைத்து மறுக்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது மனது வலிக்கிறது. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸுக்கு, காற்றில் சுழலும்போது உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வே தப்பிப்போனது. அணி இறுதிப் போட்டியில் ஒரே ஒரு வால்ட்டோடு (ஓடி வந்து மேடையில் கையூன்றித் தாண்டுவது) விலகினார். சில நாள் கழித்து பீம் என்ற ஒடுங்கிய சமநிலைக் கட்டையில் ஏறியவர், கீழே குதித்து இறங்கும்போது உடலை முறுக்கத் தேவையில்லாத எளிய இறக்கத்தைத் தேர்ந்தெடுத்து வெண்கலம் வென்றார். 2024-இல் பாரிஸில் மூன்று தங்கம். உலகின் முதல் வரிசை வீராங்கனையே கம்பை இறக்கிக்கொண்டுதான் திரும்பி வந்தார்.

அடுத்தது, கை கால்களைக் கண்காணிக்கத் தொடங்குவது. நன்கு பழகிய அசைவு தானாக ஓடும். போட்டி நடுவே 'முழங்கை எங்கே, மணிக்கட்டு எங்கே' என்று துருவினால் அந்த ஓட்டம் அறுந்துவிடும். திருத்தமெல்லாம் பயிற்சியில் இருக்கட்டும். போட்டியில் கண் பந்தின் மேல், அல்லது அது போய் விழ வேண்டிய இடத்தின் மேல்.

உடல் களைப்பை மனக்கோளாறாக எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. தேர்வு நேரத்தில் ஐந்து மணி நேரத் தூக்கம், அரை வயிற்றுச் சாப்பாடு, அதற்கு மேல் 'விட்டதைப் பிடிக்க' கூடுதல் பயிற்சி. டைமிங் குறையாமல் என்ன செய்யும்? 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதே மருத்துவர்களின் பரிந்துரை. தன்னைக் கோழை என்று திட்டிக்கொள்வதற்கு முன் ஒரு வாரம் ஒழுங்காகத் தூங்கிப் பாருங்கள்.

சக வீரரின் டைமிங்கோடு ஒப்பிடுவதும் வேண்டாம். ஒரே வயதுப் பிரிவில் ஒருவருக்கு உடல் வளர்ச்சி முடியும் கட்டம், இன்னொருவருக்கு இப்போதுதான் தொடக்கம்.

ஒரு நாளின் முடிவை வைத்துத் தன்னையே அளந்துவிடுகிறவர்களும் உண்டு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு, பளுவைத் தோளுக்குக் கொண்டுவந்து பிறகு தலைக்கு மேல் தூக்கும் கிளீன் அண்டு ஜெர்க்கின் மூன்று முயற்சிகளிலும் தவறினார். மொத்த எடைக் கணக்கே பதிவாகவில்லை. அடுத்த ஆண்டே உலக சாம்பியன். டோக்கியோவில் 202 கிலோ தூக்கி வெள்ளி.

பெற்றோர் பக்கமும் ஒரு தவறு இருக்கிறது. தோற்று வந்த பிள்ளையிடம் 'நீதான் பெஸ்ட்' என்று சொன்னால் அது நம்பாது. 'இரண்டாவது செட்டில் விடாமல் ஓடி அந்தப் பந்தை எடுத்தாயே' என்றால் நம்பும், ஏனென்றால் அது நடந்தது.

கடைசியாக, மறைப்பது. 'பயமாக இருக்கிறது' என்று கோச்சிடம் சொல்ல வாய் வரவில்லையா? 'பேக்ஹேண்டுக்குப் பந்து வந்தாலே கை இறுகிவிடுகிறது, சார்' என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு அவர் அன்றைக்கே ஒரு டிரில் கொடுக்க முடியும்.