பிசாக் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பெரு நாட்டின் குஸ்கோ நகரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிறது பிசாக். மலை முதுகில் 15-ஆம் நூற்றாண்டு இன்கா இடிபாடுகள், அடிவாரத்தில் ஸ்பானியர் ஆட்சியில் எழுந்த சந்தை ஊர். பலர் இதை மாச்சு பிச்சு போகும் வழியில் அரை நாளில் முடித்துவிடுகிறார்கள். வேன் கூட்டத்தோடு வந்தால் மேலே ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. வாகன நிறுத்தத்தை ஒட்டிய படிக்கட்டு வயல்களைப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

பார்க்க வேண்டியது அதற்கு அப்பால் இருக்கிறது. மலை முதுகோடு நடந்து, பாறையைக் குடைந்த ஒரு சின்னச் சுரங்க வழியைக் கடந்தால் இன்டிவாடானா என்ற கோயில் பகுதி வரும். அங்கே சாந்து பூசாமலே கல்லோடு கல் பொருந்தி நிற்கிறது. இடுக்கில் நகம்கூட நுழையாது. வழியில் பார்த்த குடியிருப்புச் சுவர்களோ கரடுமுரடான கல்லும் மண்ணும். கோயிலுக்கு ஒரு கை, வீட்டுக்கு ஒரு கை என்று இன்காக்கள் கட்டியது இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் புரியும்.

அடுத்தது வரிசைக் குழப்பம். காலையில் சந்தை, மதியம் மலை என்று வைத்துக்கொண்டால் வாங்கிய மூட்டையைச் சுமந்துகொண்டுதான் ஏற வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம் வேறு. மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் பிடிக்கும். காலையிலேயே டாக்ஸியில் மேல் வாசலுக்குப் போய்விடுங்கள். இடிபாடுகள் வழியாகவே ஊருக்கு நடந்து இறங்கலாம். படிகள் செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் டாக்ஸியிலேயே திரும்புவது நல்லது.

டிக்கெட் விஷயத்திலும் பலர் ஏமாந்து நிற்கிறார்கள். பிசாக்குக்கு மட்டும் தனி டிக்கெட் கிடையாது. பல இடங்களுக்குப் பொதுவான சுற்றுலாச் சீட்டுதான். அதில் மாச்சு பிச்சு சேராது. கையில் பெரு நாட்டுப் பணமான சோல் நோட்டு இருக்கட்டும்.

விமானத்தில் குஸ்கோ வந்து இறங்கிய அன்றே மலையேறுவதும் வேண்டாம். குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரம். பிசாக் ஊர் 3,000 மீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. அதனால் முதல் இரவு பிசாக் இருக்கும் பள்ளத்தாக்கில் தங்கினால் தலைவலிக்கும் மூச்சிரைப்புக்கும் வாய்ப்புக் குறைவு.

இனி சந்தை. இப்போது தினமும் நடக்கிறது; ஞாயிறுதான் பெரிது, சுற்றுக் கிராமத்து ஆட்கள் கிழங்கும் மக்காச்சோளமும் கொண்டுவருவார்கள். கூட்டமும் அன்றைக்குத்தான். அல்பாகா என்பது ரோமத்துக்காக வளர்க்கும் ஒட்டக இன விலங்கு. துணியில் 'பேபி அல்பாகா' என்ற அட்டையைப் பார்த்து மயங்க வேண்டாம். அது குட்டியின் ரோமம் என்று பொருளில்லை, இழையின் மென்மைத் தரம். அதுவும் பல நேரம் அட்டையில் மட்டும் இருக்கும், உள்ளே அக்ரிலிக் என்ற செயற்கை இழை. அசல் இழை தொட்டால் குளிர்ச்சியாக, கொஞ்சம் கனத்துத் தொங்கும். அதிசய மலிவு என்றால் அக்ரிலிக்தான். பேரம் பேசலாம், ஆனால் கைத்தறி வேலைக்குப் பாதி விலை கேட்டு நிற்பது அழகில்லை.

அல்பாகாவோடு நிற்கும் பெண்களைப் படம் எடுத்தால் காசு கேட்பார்கள். அவர்களுக்கு அது தொழில். எடுத்த பிறகு முகம் சுளிக்காமல் முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். அப்புறம், விடுதியில் தரும் கோக்கா டீயைக் குடிக்கலாம்; கோக்கேன் எடுக்கும் செடியின் இலையில் போடுவது அது. இலையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வெளிநாட்டு விமானம் ஏறினால் சுங்கத்தில் மாட்டுவீர்கள். வேலையில் போதைப்பொருள் சோதனை உள்ளவர்கள் டீயையும் தவிர்ப்பது நல்லது.