பெரும்பாக்கத்தில் வீடு, மேடவாக்கத்தில் நெரிசல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையின் தென்புறநகர் வீட்டு விளம்பரங்கள் எல்லாம் நிமிடக் கணக்கில்தான் பேசும். சோழிங்கநல்லூருக்குப் பத்து நிமிடம், வேளச்சேரிக்குப் பதினைந்து நிமிடம். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு அளந்தார்கள் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். வாங்கியவர் அதைக் குடிபுகுந்த முதல் திங்கட்கிழமையே தெரிந்துகொள்வார். பக்கத்து ஊர்க்காரர் நிலை வேறு. வீடும் அவருடையதல்ல, விளம்பரமும் அவருக்கல்ல. நெரிசல் மட்டும் அவர் தெருமுனைக்கு வந்து சேரும். அது ஏன் வந்தது என்று யோசிக்கும்போதும், அதை எதிர்த்து மனு எழுதும்போதும் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

வாசல் சாலையை மட்டும் பார்ப்பது

விதிகளே நம்மை இதற்குப் பழக்கியிருக்கின்றன. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி, ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பது பெரிதும் அதன் முன்னால் போகும் சாலையின் அகலத்தைப் பொறுத்தது. கட்டணம் செலுத்திப் பெறும் கூடுதல் தளப்பரப்பு, அதாவது பிரீமியம் எஃப்எஸ்ஐ, 9 மீட்டர் சாலைக்கு 30 சதவீதம், 12 மீட்டருக்கு 40, 18 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் 50. சாலை அகலமாக இருந்தால் வீடுகள் அதிகம். சரி, அந்த அகலமான சாலை எங்கே போய் முட்டுகிறது? இந்தக் கணக்கில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

வரைபடத்தை விரித்துப் பார்த்தால் மேடவாக்கத்தின் தலையெழுத்து புரியும். பழைய மாமல்லபுரம் சாலைக்கும் வேளச்சேரி–தாம்பரம் சாலைக்கும் நடுவே பள்ளிக்கரணை சதுப்புநிலம் இருக்கிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த அந்த நிலத்தைக் கிழித்து இன்னொரு சாலை போடக் கூடாது. கிழக்கு மேற்காகப் போவதற்குப் பெரிய சாலைகள் மூன்றுதான்: வடக்கே துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை, நடுவில் பெரும்பாக்கம் வழியாகப் போகும் சோழிங்கநல்லூர்–மேடவாக்கம் சாலை, வெகுதூரம் தெற்கே தள்ளி கேளம்பாக்கம்–வண்டலூர் சாலை. இடையில் இருப்பவை குறுகலான ஊர்ச் சாலைகள். ஆகவே பெரும்பாக்கத்தில் எந்த மூலையில் அடுக்குமாடி எழுந்தாலும், மேற்கே போகிறவர் பெரும்பாலும் மேடவாக்கம் சந்திப்பைத் தொட்டுத்தான் போகவேண்டும். தெற்கிலிருந்து மாம்பாக்கம் சாலை வண்டிகளும் அங்கேதான் வந்து சேர்கின்றன.

நிர்வாக எல்லைகள் சிக்கலை இன்னும் கூட்டுகின்றன. 2011-இல் சோழிங்கநல்லூரும் பள்ளிக்கரணையும் சென்னை மாநகராட்சிக்குள் வந்தன. மேடவாக்கமும் பெரும்பாக்கமும் ஊராட்சிகளாகவே நின்றுவிட்டன. பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம், பெரிய கட்டடங்களுக்கான திட்ட அனுமதி சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவிடம். ஊராட்சித் தலைவரிடம் மட்டும் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது வீண்.

ஒவ்வொரு கட்டடமாகக் கணக்கிடுவது

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால்தான் சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவை. போக்குவரத்துக் கேள்விகளுக்கு அந்த விண்ணப்பத்தில் பதில் சொல்லவேண்டும். எண்பது வீடுகள் கொண்ட குடியிருப்பு பெரும்பாலும் அந்த வரம்பை எட்டாது.

அந்த எண்பது வீடுகளிலிருந்து காலை ஒரு மணி நேரத்தில் நாற்பது கார்கள் வெளியே வருவதாக வைத்துக்கொள்வோம். சாலை அதை உணராது. ஐந்தாறு ஆண்டுகளில் அதே சாலையில் பத்துக் கட்டடங்கள் வந்துவிட்டால் நானூறு கார்கள். நடுத்தடுப்பு இல்லாத இருவழி நகரச் சாலை, முதன்மைச் சாலையாகவே இருந்தாலும், இரு திசையும் சேர்த்து மணிக்கு 1,500 கார் அளவுதான் (எல்லா வண்டிகளையும் கார் கணக்குக்கு மாற்றினால்) தாங்கும் என்கிறது, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதல். கடை வாசல்களும் குறுக்குத் தெருக்களும் நிறைந்த சாலை என்றால் 900. கொள்ளளவுக்கு வெகு கீழே இருக்கும்வரை நூறு வண்டி கூடினாலும் தெரியாது. விளிம்பு வரை நிறைந்த குடத்தில் ஒரு குவளை ஊற்றினால் என்ன ஆகுமோ அதுதான் பிறகு ஆகும். பத்தாவதாக வந்த கட்டடத்தின்மேல் முழுப்பழியையும் போடுவதும் தவறு, "எங்களால் நாற்பது கார்தானே" என்று கட்டுமான நிறுவனம் நழுவுவதும் தவறு. கேட்கவேண்டியது, அந்தச் சந்திப்புக்கு வண்டி அனுப்பும் எல்லா அனுமதிகளையும் கூட்டினால் என்ன வருகிறது என்பதை.

எல்லா வீட்டையும் ஒன்றாக எண்ணுவது

இந்தத் தவறு எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது. பெரும்பாக்கம் என்றாலே "வாரியக் குடியிருப்பு வந்ததால் கூட்டம்" என்பார்கள். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் அங்கே கட்டியிருப்பவை இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஏராளமான குடும்பங்கள் அங்கே அனுப்பப்பட்டன. வேலை நகருக்குள்ளேயே இருந்துவிட்டது, வீடு மட்டும் இருபது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப்போனது. அவர்கள் போவது பஸ்ஸில், ஷேர் ஆட்டோவில். சாலைகள் காங்கிரஸின் அதே வழிகாட்டுதலின்படி ஒரு பஸ் சாலையில் பிடிக்கும் இடம் 2.2 முதல் 3.7 கார் அளவு. அதில் அறுபது பேர் போகலாம். காருக்கு ஒன்றரைப் பேர் வீதம் அந்த அறுபது பேரும் போனால் நாற்பது கார்கள் வேண்டும். வீடுகளின் எண்ணிக்கையை வைத்து நெரிசலை அளந்தால், பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர் குற்றவாளி ஆகிவிடுகிறார், வீட்டுக்கு இரண்டு கார் வைத்திருப்பவர் பாதிக்கப்பட்டவர் ஆகிவிடுகிறார். பார்க்கவேண்டியவை வேறு: வேலை எங்கே, பள்ளி எங்கே, பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, வீட்டுக்கு எத்தனை வாகன நிறுத்துமிடம் கொடுத்திருக்கிறார்கள்.

மேம்பாலத்தையும் மெட்ரோவையும் நம்பி இருப்பது

மேடவாக்கத்தில் இரண்டு மேம்பாலங்கள் கட்டினார்கள். சுமார் 2 கிலோமீட்டர் நீளமுள்ள பெரிய பாலம் 2022 மே மாதம் திறக்கப்பட்டது. வேளச்சேரிக்கும் தாம்பரத்துக்கும் இடையே நேராகப் போகிறவர்களுக்கு நல்ல பலன், மறுக்கவில்லை. ஆனால் சோழிங்கநல்லூர் சாலையில் திரும்பவேண்டியவர் கீழேதான் நிற்கிறார். பெரும்பாக்கத்து வீடுகள் உண்டாக்கும் பயணம் பெரும்பாலும் இந்தத் திரும்பும் பயணமே. மேலே போனவரும் அடுத்த சிக்னலுக்குச் சீக்கிரம் போய்ச் சேர்கிறார், அவ்வளவுதான்.

மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் ஐந்தாவது வழித்தடம், மாதவரத்திலிருந்து மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் வரை, சரியான ஊர்களைத்தான் தொடுகிறது. வரிசைதான் தலைகீழ். வீடு முதலில், ரயில் பிறகு. ரயில் வரும்வரை தூண் வேலைக்காகச் சாலை சுருங்கும். அதற்குள் குடிவந்தவர் கார் வாங்கிவிடுவார். வாங்கிய காரை ரயில் வந்ததும் விற்றுவிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. பறக்கும் ரயிலின் வேளச்சேரி–பரங்கிமலை இணைப்பு 2008-இல் தொடங்கி, நிலம் கையகப்படுத்தும் வழக்குகளில் சிக்கிப் பல ஆண்டுகள் நின்றதைப் பார்த்தவர்கள்கூட, ரயில் வரும் தேதியை நம்பி வீட்டுக் கடன் வாங்குகிறார்கள்.

இனி வீடே வேண்டாம் என்பது

நெரிசலில் வெந்தவர்கள் கேட்பது இது. கோபம் நியாயம், கோரிக்கை தவறு. இங்கே நிறுத்தினால் வீடு மாம்பாக்கத்துக்கும் திருப்போரூருக்கும் நகரும். ஆள் அதே ஆள், வேலை அதே தரமணியில். இப்போது இன்னும் நீண்ட தூரம், அதே சந்திப்பு வழியாக.

இதற்கு ஒட்டிய இன்னொரு பழக்கம் தெருவை அடைப்பது. மனைப்பிரிவு அனுமதியின்போது உள் சாலைகள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குக் கொடுக்கப்படுகின்றன. அவை பொதுச் சாலைகள். வெளி வண்டி வருகிறது என்று அங்கே கேட் போட்டுப் பூட்டும் சங்கங்கள் உண்டு. பக்கத்துத் தெருவுக்கு நடந்தே போகக்கூடிய பிள்ளைகூட அதனால் பிரதான சாலையைச் சுற்றி வேனில் போகிறது. நெரிசலைப் பற்றி மனு எழுதும் சங்கம் முதலில் தன் கேட்டைப் பார்க்கட்டும்.

கட்டடம் எழும்பிய பிறகு எழுதுவது

பெயின்ட் அடிக்கும் நேரத்தில் கொடுக்கும் மனுவுக்குப் பலன் குறைவு. சென்னைப் பெருநகரின் நில உபயோகத்தை வகுக்கும் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-இல் ஒப்புதல் பெற்றது. அதன் காலம் 2026 வரை. 2027 முதல் 2046 வரைக்கானது மூன்றாவது. எந்த இடம் குடியிருப்பாகும், எந்தச் சாலை எவ்வளவு அகலமாகும் என்பது அதில்தான் முடிவாகிறது. நில உபயோக மாற்றம் கேட்டு யாராவது விண்ணப்பித்தால் ஆட்சேபம் கேட்டுப் பத்திரிகையில் சிறிய எழுத்தில் அறிவிப்பு வரும், அதையும் படிக்கவேண்டும். "போக்குவரத்து பாதிக்கப்படும்" என்று ஒரே வரியில் எழுதினால் ஒரே வரியில்தான் பதில் வரும். மேடவாக்கம் சந்திப்பில் பள்ளி நாளில் காலை எட்டு முதல் ஒன்பது வரை ஒவ்வொரு திருப்பத்திலும் எண்ணிய வண்டிகள், விண்ணப்பத்தில் உள்ள நிலத்தைச் சுற்றி ஏற்கெனவே அனுமதி பெற்ற வீடுகள், பஸ் நிறுத்தம் எத்தனை மீட்டர் தொலைவு, எந்த இணைப்புச் சாலை திட்டத்தில் கோடாகவே நின்றுபோனது என்ற நான்கையும் எழுதி, வீடுகளுக்கு முன்பே அந்த இணைப்புச் சாலை வரவேண்டும் என்று நிபந்தனை கேட்கலாம்.