விட்டு விட்டு மினுக்கும் லேப்டாப் திரை: நாம் செய்யும் தவறுகள்

ஒரேயடியாகப் போய்விட்ட திரையைச் சரிசெய்வது சுலபம். வந்து வந்து போகும் கோளாறுதான் ஆளை அலைய வைக்கும். என் லேப்டாப் திரை முதன்முதலில் மினுக்கியபோது விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். பத்து நாள் ஒன்றும் இல்லை. பதினோராம் நாள் அதே மினுக்கல், கூடவே இரண்டு கோடுகள். கடையில் கொடுத்துப் பேனலை, அதாவது படம் காட்டும் திரைப் பலகையை, மாற்றினேன். மூன்று வாரம் நன்றாக ஓடியது, பிறகு மறுபடி வந்தது. கடைசியில் பார்த்தால் கெட்டிருந்தது திரைக்குப் போகும் கேபிள். பேனலுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு சிறு பங்குகூட ஆகவில்லை.

அந்தப் பத்து நாளும் மூன்று வாரமும் எப்படி நன்றாக ஓடின என்று யோசித்தபோதுதான் எங்கே தவறினேன் என்று தெரிந்தது. விண்டோஸ் போட்ட பிறகு மென்பொருள்களை எல்லாம் திரும்ப ஏற்றுவதற்காக லேப்டாப்பை மேஜையிலேயே வைத்திருந்தேன், திரையை மடக்கவே இல்லை. பேனல் மாற்றியபோது கடைக்காரர் கேபிளைக் கழற்றித் திரும்பச் செருகினார். உள்ளே அறுந்திருந்த இழை தற்காலிகமாக ஒட்டிக்கொண்டது. இரண்டு முறையும் நான் மாற்றியது ஒன்று, கோளாறு அடங்கிய காரணம் வேறு. இந்த விஷயத்தில் முதல் தவறும் பெரிய தவறும் இதுதான்: இப்போது வரவில்லை என்பதைச் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வது. தினமும் இரண்டு முறை வந்த கோளாறு இரண்டு நாள் வராமல் இருந்தால் ஓரளவு நம்பலாம். வாரம் ஒரு முறை மட்டும் வந்ததென்றால் ஒரு மாதமாவது பார்க்க வேண்டும். அதுவும் வழக்கம்போல மடக்கி, பையில் போட்டு, எடுத்துப் புழங்கிப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் டிரைவரையும் (கிராபிக்ஸ் சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) மாற்றி, பயாஸையும் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்து, கேபிளையும் அழுத்திச் செருகினால், எது கைகொடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

கடைக்குக் கொண்டு போனால் அந்தக் கோளாறு வரவே வராது, கவனித்திருப்பீர்கள். சென்னை ரிச்சி தெருவில் ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "சார், இங்க நல்லாதானே ஓடுது, எதைப் பார்த்து சரி பண்றது?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டில் மினுக்கியபோது செல்போனில் பத்து வினாடி வீடியோ எடுத்திருந்தால் போதும். கூடவே ஒரு தாளில் நாலு விவரம்: திரை எவ்வளவு சாய்ந்திருந்தது, சார்ஜர் செருகியிருந்ததா, போட்ட எத்தனை நிமிடத்தில் வந்தது, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது. நல்ல மெக்கானிக் முதலில் கேட்பது இவற்றைத்தான். அந்தத் தம்பி அடுத்துக் கேட்டதும் அதேதான்: "மடியில வச்சுப் பார்ப்பீங்களா, மேஜையிலயா?" மடியில் என்றேன். திரையை மெல்ல மெல்லப் பின்னால் சாய்த்துக்கொண்டே போனார். ஒரு கோணத்தில் மினுக்கியது.

சரி, மென்பொருளா வன்பொருளா என்று பிரிப்பதற்கு வருவோம். இங்கே பலர் நேராக டிரைவரில் கை வைக்கிறார்கள். அதற்கு முன் காசில்லாமல் பார்க்க வேண்டிய சோதனைகள் இருக்கின்றன. கோடுகளோ நிறச் சிதறலோ தெரியும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, செல்போனுக்கு அனுப்பிப் பாருங்கள். படத்திலும் அந்தக் கோடு இருந்தால் கோளாறு கிராபிக்ஸ் சிப்பிலோ டிரைவரிலோ இருக்கிறது. படம் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் அதற்கு அப்பால், கேபிள் அல்லது பேனல் பக்கம். அடுத்து, லேப்டாப்பைப் போட்டவுடன் பயாஸ் திரைக்குள் போய்ச் சிறிது நேரம் அப்படியே விடுங்கள். அங்கே விண்டோஸும் கிடையாது, அதன் டிரைவரும் கிடையாது. அங்கேயும் மினுக்கினால் விண்டோஸைத் திரும்பப் போட்டுப் பயனில்லை. டெல் லேப்டாப்பாக இருந்தால் டி பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பவர் பொத்தானைத் தட்டினால் திரை தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும், முழுத் திரையும் ஒவ்வொரு நிறமாக மாறும். அந்த நிறங்களிலேயே கோடு தெரிந்தால் திரைப் பக்கம்தான் கோளாறு.

விண்டோஸுக்குள் மட்டும் மினுக்குகிறது என்றால் ஓடும் செயலிகளைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். மற்றதெல்லாம் துடிக்கும்போது அது மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு செயலி காரணம். அதுவும் சேர்ந்து துடித்தால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். திரை அப்படியே உறைந்துபோகும் நேரங்களில் இது பலமுறை எனக்கு உதவியிருக்கிறது.

எச்டிஎம்ஐ வழியாக டிவியிலோ மானிட்டரிலோ இணைத்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. அதில் வரும் பதிலைத் தவறாகப் படிப்பதுதான் பிரச்சினை. டிவியில் படம் தெளிவாக இருந்தால் உடனே பேனல் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறோம். நானும் அப்படித்தான் கட்டினேன். மதர்போர்டுக்கும் பேனலுக்கும் நடுவே ஒரு கேபிள் இருக்கிறது. மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் கீல் வழியாக வளைந்து நிமிர்வது அதுதான். டிவியில் நன்றாகத் தெரிகிறது என்பதற்குப் பொருள், கேபிளோ பேனலோ இரண்டில் ஒன்று என்பது மட்டுமே. திரையைச் சாய்க்கும்போது கோளாறு கூடிக் குறைந்தால் கேபிளை முதலில் மாற்றுங்கள். எப்படி வைத்தாலும் ஒரே இடத்தில் ஒரே கோடு அசையாமல் நின்றால் பேனல்.

கேபிள் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஆப்பிள் கதையே போதும். 2016-இல் வந்த மேக்புக் புரோவில் திரைக்கான மெல்லிய நாடாக் கேபிள் திறந்து மூடும்போது தேய்ந்தது. முதலில் திரையின் அடியில் மேடை விளக்குகள்போல வெளிச்சம் திட்டுத் திட்டாகத் தெரியும். பிறகு ஒரு கோணத்துக்கு மேல் திறந்தாலே பின்னொளி, அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு, அணைந்துவிடும். 2018 மாடலில் அந்தக் கேபிளை 2 மில்லிமீட்டர் நீட்டினார்கள். 2019 மே மாதம் 13 அங்குல 2016 மாடலுக்கு இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டத்தை ஆப்பிள் அறிவித்தது. கேபிள் திரையோடு ஒட்டியே வந்ததால், அதுவரை கைக்காசில் சரிசெய்தவர்கள் முழுத் திரையையும் மாற்ற வேண்டியிருந்தது.

கோளாறே இல்லாததைக் கோளாறு என்று நினைப்பதும் உண்டு. திரை திடீரென்று கறுப்பாகி உடனே திரும்பி வருகிறதா? பக்கத்தில் காந்தம் வைத்த செல்போன் உறையோ காந்தக் கொக்கி வைத்த வாட்ச் பட்டையோ இருக்கிறதா என்று பாருங்கள். பல லேப்டாப்களில் மூடியதை அறிய ஒரு சின்னக் காந்த உணரி இருக்கும். வேறு காந்தம் அருகே வந்தால் மூடிவிட்டதாக நினைத்துத் திரையை அணைத்துவிடும். ஒரு லேப்டாப்பின் மேல் இன்னொன்றை வைத்து வேலை செய்தாலும் இது நடக்கும். சார்ஜரைக் கழற்றியதும் ஒரு நொடி கறுப்பாவது சில லேப்டாப்களில் திரை நொடிக்கு 144 முறை புதுப்பிப்பதிலிருந்து (144 ஹெர்ட்ஸ்) 60-க்கு இறங்குவதால். வெள்ளைப் பக்கத்திலிருந்து கறுப்புப் பக்கத்துக்கு மாறும்போது வெளிச்சம் ஏறி இறங்குவது மின்சாரத்தை மிச்சப்படுத்தும் அமைப்பு. இன்டெல் கிராபிக்ஸில் பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் என்று ஒன்று உண்டு, அசையாத படத்தைத் திரையே நினைவில் வைத்துக் காட்டும் வசதி அது; அசையாத படத்தைப் பார்க்கும்போது மட்டும் மினுக்கினால் அதை அணைத்துப் பாருங்கள்.

சூடேறிய பிறகு மட்டும் கோளாறு வருகிறது என்றால், யாராவது ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) வைத்துக் கிராபிக்ஸ் சிப்பைச் சூடாக்கித் தருகிறேன் என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். 2008 ஜூலையில், கிராபிக்ஸ் சிப் தயாரிக்கும் என்விடியா நிறுவனம், தன் லேப்டாப் சிப்களில் பயன்படுத்திய பொருள் பலவீனமானது என்று சொல்லி, அவற்றைச் சரிசெய்யும் செலவுக்கு 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அந்தச் சிப்களைத்தான் ஊரெல்லாம் சூடாக்கிச் சரிசெய்தார்கள். சூடாக்கினால் சில நாளோ சில வாரமோ ஓடும், பின் அதே கோளாறு திரும்பும். இடையில் பக்கத்துச் சிப்களுக்கும் சேதம்.

இனி கைப்பழக்கம். மினுக்கும்போது ஓரத்தைத் தட்டினால் சரியாகிறது என்று தட்டிக்கொண்டே இருப்பவர்களைப் பார்க்கிறேன், மனசு பதறுகிறது. தட்டும்போதும் அழுத்தும்போதும் அறுந்த இழை ஒட்டுகிறது, பக்கத்து இழையும் சேர்ந்து நைகிறது. கண்ணாடி விரிசல் விட்டால் அதன்பின் பேனலும் போச்சு. ஒரு மூலையைப் பிடித்து ஒரு கையால் திறப்பதும் கெடுதல், பாரம் முழுவதும் ஒரு கீலில் விழுகிறது. கீல் இறுகியிருந்தால் பிளாஸ்டிக்கில் பதித்த, திருகாணியைப் பிடிக்கும் பித்தளை மரைகள் பிடுங்கிக்கொண்டு வரும், உறை பிளக்கும், கேபிள் நசுங்கும். திறக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தாலே கீலைக் காட்டிவிடுங்கள். திரையின் மீது நேராகத் திரவத்தைப் பீய்ச்சவும் கூடாது. வழிந்து அடி விளிம்புக்குள் போகும், அங்கேதான் பேனலின் நுண்ணிய இணைப்புகள் இருக்கின்றன. துணியை லேசாக ஈரப்படுத்தித் துடைத்தால் போதும்.

வீட்டிலேயே திறந்து பார்ப்பவர்கள் செய்யும் ஒரு தவறு மிகவும் விலை கொடுக்க வைக்கும்: பேட்டரியைக் கழற்றாமல் திரைக் கேபிளைப் பிடுங்குவது. அந்தச் சின்ன இணைப்பானில் பின்னொளிக்கான மின்சாரம் ஓடும் பின்னும் (இணைப்பு ஊசி), 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காத பின்களும் ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து இருக்கின்றன. கோணலாக இழுத்தால் ஒன்றையொன்று தொட்டுவிடும், போர்டில் உள்ள பியூஸ் போகும், சில நேரம் கிராபிக்ஸ் சிப்பே போகும். சார்ஜரைக் கழற்று, பேட்டரி இணைப்பைக் கழற்று, பவர் பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடி, அப்புறம்தான் கேபிளில் கை. திரை முழுக்க இருண்டிருந்தால் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேனல் வேலை செய்கிறது, போனது பின்னொளி அல்லது அந்தப் பியூஸ்.

பேனல்தான் மாற்ற வேண்டும் என்று உறுதியானால், லேப்டாப் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் 30 பின்னும் வரும், 40 பின்னும் வரும், தொடுதிரையும் வரும், தொடாத திரையும் வரும். பழைய பேனலின் முதுகில் அச்சிட்ட எண்ணைப் போட்டோ எடுத்து, அதே எண்ணையோ அதற்கு ஈடானதையோ கேளுங்கள். கேபிளுக்கும் அப்படித்தான், அதில் ஒட்டியிருக்கும் தாளில் எண் இருக்கும். மாற்றிய பழைய பாகத்தைக் கையோடு கேட்டு வாங்கிவிடுங்கள். என் பழைய பேனலைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். கேபிளை மாற்றிய அன்றுதான் தெரிந்தது, அது நன்றாகவே இருந்திருக்கிறது.